செட் டாப் பாக்ஸ் ரெக்கார்டிங்குக்கு எந்த ஹார்டு டிஸ்க் வாங்குவது? இப்போது போட்டிருப்பது பாதியில் நின்றுவிடுகிறது

கோபி விவசாயி:

வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் டிடிஎச் எச்டி பாக்ஸ் இருக்கிறது. பின்னால் உள்ள யுஎஸ்பியில் டிஸ்க் மாட்டினால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யலாம், அந்த வசதியும் எங்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாருக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். ஆனால் பொங்கல், தீபாவளி என்று அது ஓடுகிற காலை நேரத்தில்தான் வீடு நிறைய ஒரம்பரை வந்திருக்கும். அம்மா பார்க்கும் தொடர் சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் வருகிறது. இரண்டையும் பதிவு செய்து ராத்திரி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கை ஒரு கேசிங்கில் (யுஎஸ்பியில் மாட்ட உதவும் உறை) போட்டு மாட்டினேன். பாக்ஸ் அதை ஃபார்மட் செய்துகொண்டது. பதிவும் ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, திரையில் டிஸ்க் இணைக்கப்படவில்லை என்று வருகிறது, பதிவு அதோடு நின்றுபோகிறது. ஒன்றைப் பதிவு செய்துகொண்டே ஏற்கெனவே பதிந்த இன்னொன்றைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. அதே டிஸ்க் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பென் டிரைவ் மாட்டினால் நிற்பதில்லை, ஆனால் இடம் போதவில்லை.

சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்று ஈரோட்டில் விசாரித்தேன். ஒரு கடையில் 4 டெராபைட் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் ‘டிவிஆர் டிஸ்க்’ என்று பெரிய டிஸ்க் ஒன்றைக் காட்டினார்கள். எஸ்எஸ்டிதான் நல்லது என்கிறான் மச்சான். எதை வாங்குவதுங்க?

பெருந்துறை:

4 டெராபைட்டே எடுங்க. ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் பெரிய டிஸ்க்தான் மலிவு. பிறகு இடம் பற்றவில்லை என்று மறுபடியும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பொள்ளாச்சி டிஷ்:

கொஞ்சம் பொறுங்க. இப்போது புது டிஸ்க் வாங்கினால் அதுவும் இப்படியே நிற்க வாய்ப்பிருக்கிறது. டிஷ் மாட்டுவது, சிசிடிவி போடுவது இரண்டும் என் தொழில், இந்த டிக் டிக் சத்தத்தை நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

லேப்டாப்பில் ஓடுகிறது, பாக்ஸில் நிற்கிறது, பென் டிரைவ் நிற்பதில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாக்ஸிலிருந்து டிஸ்க்குக்குக் கரண்ட் பற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது. யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துளை தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர். லேப்டாப் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆம்பியர் மீட்டர் முள் எப்படி எகிறுகிறதோ, அப்படித்தான் அந்தத் தட்டு சுழல ஆரம்பிக்கும்போதும் இழுக்கும். பிறகு இறங்கிவிடும். ஆனால் எழுதிக்கொண்டே இன்னொரு இடத்தில் படிக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் முனை அங்கும் இங்கும் ஓடும், இழுப்பு மறுபடியும் ஏறும். நீங்கள் சொன்னதும் அதுதானே. பென் டிரைவில் சுழல எதுவும் இல்லை, அதனால் தப்பிக்கிறது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க தம்பி. டிஸ்க் மேல் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? பாக்ஸில் யுஎஸ்பி பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? அப்புறம், ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப், தனி அடாப்டர் உள்ளது, யாரிடமாவது இருந்தால் நடுவில் போட்டு ஒரு முழு நிகழ்ச்சியைப் பதிவு செய்து பாருங்க. அடாப்டர் இல்லாத ஹப் வேண்டாம், அது இருக்கிற 500 மில்லி ஆம்பியரையே பங்கு போடும். அது வரை அந்த டிஸ்க்கைப் பாக்ஸில் நேராக மாட்டாதீங்க. ஓடும்போது திரும்பத் திரும்பக் கரண்ட் அறுந்தால் நல்ல டிஸ்க்கும் கெட்டுப்போகும்.

கோபி விவசாயி:

பார்த்துவிட்டேன் அண்ணா. டிஸ்க் லேபிளில் 5 வோல்ட் 1 ஆம்பியர். பாக்ஸில் 5 வோல்ட் 500 மில்லி ஆம்பியர். மச்சான் கடையிலிருந்து அடாப்டர் உள்ள ஹப் இரவல் வாங்கிவந்து மாட்டினேன். பட்டிமன்றம் முழுசாகப் பதிவாகிவிட்டது, நடுவில் அம்மா தொடரும் பார்த்தார்கள், சத்தமே இல்லை. அப்படியென்றால் புது டிஸ்க்கே வேண்டாமா? 4 டெராபைட், டிவிஆர் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் என்ன கணக்கு?

பொள்ளாச்சி டிஷ்:

நல்லது. முதலில் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பார்த்துவிடுங்க. லேப்டாப்பில் மாட்டி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் நீலத்தில் நல்லது என்றோ மஞ்சளில் எச்சரிக்கை என்றோ காட்டும். மாட்டும்போது விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. நீலமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் மாற்றிவிடுங்க.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. டிடிஎச்சில் எச்டி சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. 500 ஜிபியில் 130 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், 1 டெராபைட்டில் சுமார் 270 மணி நேரம். சாதாரண சேனல் இதில் பாதிகூட இழுக்காது. 4 டெராபைட் என்றால் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும். தினம் ஒரு தொடரும் மாதம் சில பட்டிமன்றமும் பதிவு செய்து பார்த்ததை அழித்துவிடும் வீட்டுக்கு அது எதற்கு?

பெரிய டிஸ்க்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பாக்ஸ்கள் டிஸ்க்கைப் பிரிப்பதற்கு எம்பிஆர் என்ற பழைய முறையைத்தான் அறியும். அந்த முறையில் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணவே முடியாது. 4 டெராபைட் மாட்டினால் பாதியை மட்டும் காட்டலாம், இல்லை அடையாளமே தெரியாது என்று சொல்லலாம். பாக்ஸோடு வந்த புத்தகத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதற்கு மேல் போகவே கூடாது. பெருந்துறைக்காரர் சொன்ன விலைக் கணக்கு சரிதான், ஆனால் அது கம்ப்யூட்டருக்கு வாங்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு.

கடையில் காட்டிய பெரிய டிஸ்க் அநேகமாக டபிள்யூடி பர்ப்பிள் அல்லது சீகேட் ஸ்கைஹாக் மாதிரி ஒன்றாக இருக்கும். டிவிஆர் என்றால் வீடியோவைப் பதிவு செய்யும் கருவி, அதைக் கேட்டதும் சிசிடிவி டிவிஆர் என்று நினைத்துக் காட்டியிருக்கிறார்கள். பல கேமராக்களிலிருந்து இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கச் செய்த டிஸ்க் அது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன், அந்த வேலைக்கு அருமையானது. ஆனால் அது 3.5 அங்குலம், 12 வோல்ட்டும் வேண்டும். யுஎஸ்பியிலிருந்து ஓடவே ஓடாது, அடாப்டரோடு வரும் பெரிய கேசிங் வாங்க வேண்டும். வீட்டில் ஒரு பாக்ஸுக்கு அது தேவையில்லை.

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் மோட்டார் இல்லை, ஸ்டார்ட்டிங் இழுப்பும் இல்லை, அந்த விதத்தில் மச்சான் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் வேகத்துக்குக் கொடுக்கும் காசு இங்கே வீண். இரண்டு சேனல் சேர்த்துப் பதிந்தாலும் நொடிக்கு 2 எம்பிதான் எழுதுகிறீர்கள், யுஎஸ்பி 2.0 நிஜத்தில் 30 எம்பி வரை தாங்கும். ஹப் வைக்க இடமே இல்லாத வீட்டில் மட்டும் சின்ன எஸ்எஸ்டியை நான் சொல்வேன். பென் டிரைவை நிரந்தரமாக விடாதீங்க. நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதி இருந்தால் பாக்ஸ் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும், மலிவான பென் டிரைவ் சூடாகிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அன்னூர் அம்மா:

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் பாப்பா பள்ளிக் குழுவோடு டிவியில் கும்மி ஆடினாள். அதைப் பாக்ஸில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. எப்படி எடுப்பது?

பொள்ளாச்சி டிஷ்:

அம்மிணி, ஃபார்மட்டை மட்டும் அழுத்திவிடாதீங்க. உடனே கழற்றிப் பாக்ஸிலேயே மாட்டுங்க. கட்டண டிடிஎச் பாக்ஸ்கள் பதிவைப் பூட்டித்தான் எழுதும், சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. லேப்டாப்பில் ஓடாது, அதே கம்பெனியின் வேறு பாக்ஸிலும் பெரும்பாலும் ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவுகள் போனது போனதுதான். காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதை இந்த டிஸ்க்கை நம்பி விடக் கூடாது. அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று இன்றே பாருங்க, பள்ளியில் சொல்லிச் சேனலுக்கு எழுதியும் பிரதி கேளுங்க. எதுவும் நடக்காவிட்டால் பாக்ஸில் ஓடவிட்டு, விளக்கை அணைத்து, போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் பிடியுங்க. தரம் குறையும், ஆனால் குழந்தை ஆடியது கையில் இருக்கும்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு வெளியில் வாங்கும் பாக்ஸ்கள் பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை. அவற்றில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் பார்க்கலாம். அங்கே டிஸ்க் ஃபேட் 32 என்ற பழைய ஃபார்மட் முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, நீளமான நிகழ்ச்சி துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

கல்யாண வீடியோ, சீர் போட்டோ வைத்திருக்கும் டிஸ்க்கை எந்தப் பாக்ஸிலும் மாட்டாதீங்க என்று எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஃபார்மட் ஆனால் அத்தனையும் போய்விடும்.

அன்னூர் அம்மா:

யூடியூபில் இருக்கிறதுங்க, இறக்கிவைத்துவிட்டோம். ரொம்ப நன்றி.

கோபி விவசாயி:

டிஸ்க் நீலமாகத்தான் காட்டுகிறது அண்ணா. அதனால் ஹப் மட்டும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே அடிக்கடி கரண்ட் போகும். டிவியும் பாக்ஸும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பொள்ளாச்சி டிஷ்:

ஹப்பின் அடாப்டரும் அதே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். பாக்ஸ் இன்வெர்ட்டரிலும் ஹப் சாதா லைனிலும் இருந்தால், கரண்ட் போனதும் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மட்டும் அணையும். எழுதும்போது அப்படி அணைந்தால் பதிவுப் பட்டியலே குழம்பிப்போகும், பாக்ஸ் மறுபடியும் ஃபார்மட் கேட்கும். கழற்றும்போதும் பாக்ஸை அணைத்துவிட்டுக் கழற்றுங்க.

டிஸ்க்கைப் பாக்ஸ் தலைமேல் வைக்காதீங்க. ரிமோட்டில் அணைத்தாலும் பாக்ஸ் உள்ளே சூடாகவே இருக்கும், சித்திரை வெயிலில் டிஸ்க்குக்கு அது ஆகாது. பக்கத்தில் காற்று வரும்படி வையுங்க. நேரம் குறித்துப் பதிவு வைக்கும்போது ஐந்து நிமிடம் முன்னாலேயே ஆரம்பிக்கும்படி வையுங்க. தூங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க் எழுந்து சுழலச் சில நொடி ஆகும்.

பெருந்துறை:

என் வீட்டுக்கும் ஒன்று போடலாம் என்று பார்க்கிறேன். அடாப்டர் எத்தனை ஆம்பியர் இருக்க வேண்டும்?

பொள்ளாச்சி டிஷ்:

ஒரு டிஸ்க்குக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் போதும். வாங்கும் முன் உங்கள் பாக்ஸ் ஹப்பை ஏற்கிறதா என்று கடையில் கேட்டு, மாற்றிக்கொள்ளும் பேச்சோடு வாங்குங்க. சில பாக்ஸ்கள் ஹப் வழியாக வரும் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. அப்போது தனி அடாப்டர் உள்ள கேசிங்தான் வழி.