ஏற்காட்டில் புது போருக்கு (ஆழ்துளைக் கிணறு) தடை வேணுமா?

அஸ்தம்பட்டி ஆளு:
கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறுற மே மாசத்துலதான் மலையில தண்ணியே இருக்காது. கிளியூர் அருவி வெறும் பாறையா நிக்கும். அப்பவும் காட்டேஜ் கட்டறவங்க முதல்ல கூப்பிடறது போர் வண்டியைத்தான். ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை சார்னோக்கைட்ங்கற கெட்டிப் பாறைங்க. மேல இருக்கிற மண்ணுலயும் பாறை வெடிப்புலயும்தான் தண்ணி தங்கும், சுனை கசியறதும் அதே வெடிப்புலதான். மேல உறிஞ்சினா கீழ ஓடை நின்னு போகும். புது போருக்கு முழுத் தடைங்கறதுதான் என் கட்சி.

மலைமேல்:
அண்ணா, உங்களுக்கு சேலத்துல குழாயைத் திறந்தா மேட்டூர்த் தண்ணி. நீங்க எதுவும் சொல்லலாம். எங்க ஊர்ல கோடையில சுனைக்கு இறங்கி, ஊறி வர்ற தண்ணியை சொம்பால மொண்டு மொண்டு குடம் ரொப்பணும். அப்புறம் தலையில வச்சு மேடு ஏறணும். போர் போட்ட பிறகுதான் அந்தப் பாடு போச்சு. தடை கேக்கறவங்க காபித் தோட்டத்தை ஏன் விட்டுட்டீங்க? மார்ச், ஏப்ரல்ல காபியைப் பூக்க வைக்கற பூ மழை தவறினா ஸ்பிரிங்க்ளர் சுத்துதே! ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உசரம் தண்ணி விட்டா சுமார் 1 லட்சம் லிட்டர்.

தோட்டத்துக்காரன்:
கணக்கு சரி. ஆனா அது மழைக்காலத்துல நாங்க குளம் வெட்டித் தேக்கின தண்ணி தம்பி. நிழல் மரம் நிக்கிற மண்ணு மழையை உள்ள வாங்கும். மரத்தை வெட்டி காங்கிரீட் போட்டுப் பாருங்க, பெய்யற மழை அன்னைக்கே மலையை விட்டு இறங்கிடும்.

மலைமேல்:
குளத்துக்குத் தண்ணி வானத்துல இருந்து மட்டுமா வருது? ஓடையையும் மறிச்சுத்தானே?

(இதுக்கு அவர்கிட்ட இருந்து பதில் வரல.)

ரெட்டியூர்:
எதுக்கு இந்தச் சண்டை? மேட்டூர்த் தண்ணியையே ஏற்காட்டுக்கு ஏத்திடலாமே.

அஸ்தம்பட்டி ஆளு:
சேலத்துல இருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உசரம். 1,000 லிட்டரை அவ்வளவு தூரம் தூக்கவே மூணேகால் யூனிட் கரண்ட், மோட்டார் நட்டம் சேர்ந்தா அஞ்சு யூனிட் பக்கம். தினமும் ஓட்டணும், பில்லு யாரு கட்டறது?

ஓமலூர் விவசாயி:
கீழ இருக்கற எங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சரபங்கா பிறக்கறது இந்த மலையிலதான், ஓமலூர், எடப்பாடி வழியாப் போய் காவிரியில சேருது. கோடையில ஆத்துக்குள்ள சீமைக்கருவேலந்தான் நிக்குது. மேட்டூர் உபரியை 100 ஏரிக்குக் கொண்டுவர 565 கோடியில திட்டம் போட்டாங்க, சந்தோஷம். ஆனா உபரின்னா அணை 120 அடி தொடணும். அது ஆடி, ஆவணிக்கு மேல நடக்கிற சங்கதி, அதுவும் எல்லா வருஷமும் இல்ல. சித்திரையில கிணத்துக்கு மலை கசிஞ்சாத்தான் உண்டு. அதனால தடைக்கு என் ஓட்டு.

அஸ்தம்பட்டி ஆளு:
சரி, ஊர்ப் பொதுப் போரு இருக்கட்டும். விடுதிக்கு மட்டும் தடை. ஒத்துக்கறீங்களா தம்பி?

மலைமேல்:
எங்க மாமா வீட்டுக்கு மேல ரெண்டு ரூம் போட்டு சனி, ஞாயிறு வாடகைக்கு விடறாரு. அது வீடா, விடுதியா? போருக்கு மீட்டர் வைங்க, அளவுக்கு மேல எடுத்தா காசு வாங்குங்க, தோட்டத்துக்கும் சேர்த்துதான். தடைன்னா மட்டும் நான் ஒத்துக்க மாட்டேங்க.