‘ஸ்பட்’ என்பதற்குக் கலைச்சொல்: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலப் பேச்சுவழக்கில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘ஸ்பட்’ என்ற சொல்லே எண்ணெய்க் கிணறு தோண்டுவோரிடமும் தூர்வாரும் கப்பல்களிலும் வழங்குவதால், ‘கிழங்கு’ என்பதை அடியாகக் கொண்டு சொல்லாக்கம் செய்யலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கிழங்குப் பொருள் அச்சொல்லுக்குப் பிந்தி வந்தது.

15ஆம் நூற்றாண்டில் ஸ்பட் என்பது குட்டைக் கத்தி. 17ஆம் நூற்றாண்டில் அது ஒடுங்கிய அலகுடைய தோண்டுகருவியைக் குறித்தது. நம் உழவரின் களைக்கொட்டு செய்யும் வேலையை ஒத்தது அதன் வேலை. அக்கருவியின் பெயர் அதனால் அகழப்படும் கிழங்குக்கு ஏறியதற்கு 1845இல் வெளிவந்த, நியூசிலாந்து பற்றிய நூலொன்று சான்றாகிறது. ‘யாழ் கேட்டாள்’ என்னும்போது யாழ் இசையைக் குறிப்பதுபோல, இதுவும் கருவியாகுபெயரே. உருளைக்கிழங்கை எதிர்த்த ஒரு சங்கத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளால் இச்சொல் பிறந்தது என்று பரவியுள்ள கதைக்கு ஆதாரமில்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் வேரூன்றியதே 20ஆம் நூற்றாண்டில்தான்.

ஆகவே ஒவ்வொரு துறையிலும் அச்சொல் உணர்த்தும் செயலைக் கொண்டே பெயரிட வேண்டும். எண்ணெய்க் கிணறு தோண்டும் பணியில் துரப்பணம் (நிலத்தைத் துளையிடும் கருவி) முதன்முதலாக மண்ணில் இறங்குவதற்குக் ‘கால்கோள்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வீரருக்கு நடுகல் எடுக்கும் படிநிலைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் சொல்லும் இச்சொல் தொடக்கம் என்னும் பொருளும் உடையது. பந்தல்கால் நடும் விழாக்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சடங்குச் சாயல் உள்ளதே என்று சிலர் தயங்கலாம். ஆனால் துளையிடல் தொடங்கிய நாளைக் ‘கால்கோள் நாள்’ என்றும், ‘கிணற்றுக்குக் கால்கொண்டனர்’ என்றும் பெயராகவும் வினையாகவும் இயல்பாக ஆளமுடிகிறது. காவிரிப் படுகையின் கிணறுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கு இது பெரிதும் உதவும்.

தூர்வாரும் கப்பலில் ஸ்பட் என்பது, கலம் நகராதிருக்க நீரடித் தரையில் இறக்கப்படும் எஃகுத் தூண். அதற்கு ‘ஊன்றுகால்’ போதும். பேச்சுவழக்குப் பொருளுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். சமையலறையில் ‘உருளை வறுவல்’ என்னும்போது நாம் சொல்லும் ‘உருளை’ அதே சுருக்கத்தோடு இருக்கிறது.