கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி-க்கு டிரான்ஸ்ஃபர்: டேக் எங்கே போடுவது, எதை முதலில் முடிப்பது?

ஃப்ரீமான்ட் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகள் பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) 2024 ஃபாலில் சேர்ந்தாள், செமஸ்டர் இல்லை, குவார்ட்டர் சிஸ்டம். இந்த மாதக் கடைசியில் இரண்டாம் வருடம் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று உறுதியாக இருக்கிறாள், ஜிபிஏ 3.7. 2026 ஃபாலில் ஏதாவது ஒரு யூசி-யில் (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) ஜூனியராக, அதாவது மூன்றாம் வருடத்தில், சேர வேண்டும். தோழிகள் எல்லோரும் டேவிஸுக்கு டேக் (நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்னும் ஒப்பந்தம்) போடுகிறார்கள் என்று இவளும் போடப் போகிறேன் என்கிறாள், ஆனால் டேக் போட்டால் பெர்க்லிக்கும் யூசிஎல்ஏ-வுக்கும் அப்ளை பண்ண முடியாது என்று இங்கே ஒருவர் சொன்னார், அது உண்மையா? இன்னொன்று, ஜி.இ. (எல்லோருக்கும் பொதுவான ஜெனரல் எஜுகேஷன்) பாடங்களை முழுவதும் முடித்தால்தான் எடுப்பார்களா, இல்லை மேஜர் பாடங்கள் போதுமா? இரண்டையும் இந்த ஒரே வருடத்தில் அடைக்க இடமில்லை. ஊரில் சொந்தக்காரர்கள் "கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்துக் கேட்கும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை, அவள்தான் உள்ளுக்குள் வாடிப் போகிறாள். அதனால்தான் எதையும் தவறவிடாமல் செய்ய வேண்டும் என்று இருக்கிறேன். நானும் அவளும் எச்-4 (எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா), அவளுக்கு 19 முடிந்துவிட்டது.

கும்பகோணத்தான்:
உண்மை இல்லைங்க. டேக் போடுவதால் எந்தக் கதவும் மூடாது. டேக் ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் போட முடியும், அவ்வளவுதான். யூசி விண்ணப்பம் அதற்கு அப்புறம் தனியாக வருவது, அதில் ஒன்பது கேம்பஸையும் டிக் செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஒவ்வொரு கேம்பஸுக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதுதான் இடிக்கும். டேக் கொடுப்பது டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றிலும் டேக் என்பதே கிடையாது, அங்கெல்லாம் போட்டிதான்.

தோழிகள் போடுகிறார்கள் என்று போடுவதில்தான் எனக்குப் பயம். கேம்பஸில் டேக் இருக்கிறது என்றால் எல்லா மேஜருக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, சான்டா பார்பராவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் காலேஜுக்குள் வருகிறது, அந்த காலேஜுக்கு டேக் இல்லை. தோழி சைக்காலஜி, உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இரண்டு பேருக்கும் கதை வேறு. இந்த வருடத்து டேக் மேட்ரிக்ஸ் (நிபந்தனைப் பட்டியல்) யூசி தளத்திலேயே இருக்கும், அவள் மேஜருக்கு எதிரே என்ன ஜிபிஏ, என்னென்ன பாடம் என்று அவளே படித்துப் பார்க்கட்டும். செப்டம்பர் 30-க்குள் போட்டாக வேண்டும். போட்டுவிட்டு, யூசி விண்ணப்பத்தில் அதே கேம்பஸ், அதே மேஜர் கொடுக்காவிட்டால் டேக் செல்லாது.

ஜி.இ.-யா மேஜரா என்று கேட்டால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேஜர் பாடம்தான் முதலில், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கிலீஷ் இரண்டு, மேத்ஸ் ஒன்று, மற்றவை நான்கு என்று யூசி எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கும் ஏழு பாடத்தை ஸ்பிரிங்குக்குள் முடித்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஐகெட்ஸி (2025 ஃபாலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கான ஜி.இ. பாடத் தொகுப்பு) முழுவதையும் முடிக்கிறேன் என்று டிஸ்க்ரீட் மேத்ஸையும் லீனியர் அல்ஜீப்ராவையும் தள்ளிப் போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் எடுத்த எந்தப் பாடம் யூசி-யில் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தை இன்றே திறந்து, அவள் காலேஜ், போக நினைக்கும் கேம்பஸ், மேஜர் மூன்றையும் கொடுத்து ஒவ்வொரு கேம்பஸுக்கும் வரும் பட்டியலைப் பிரிண்ட் எடுங்கள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. யூசிஎல்ஏ-வில் அது இன்ஜினியரிங் பக்கம் என்பதால் பிசிக்ஸும் கேட்பார்கள். எல்லாப் பட்டியலிலும் வருகிற பாடங்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

நெல்லைப் பொண்ணு:
ஆன்ட்டி, நான் இப்போது இர்வைனில் ஜூனியர், கம்யூனிட்டி காலேஜிலிருந்துதான் வந்தேன். இங்கே யூசி-க்கு டிரான்ஸ்ஃபராகி வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான், வகுப்பில் யாரும் அதைப் பெரிதாகக் கேட்பதே இல்லை. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

அங்கிள் சொன்னதோடு சிலது சேர்க்கிறேன். டிரான்ஸ்ஃபருக்கு 60 யூனிட் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது செமஸ்டர் கணக்கு, குவார்ட்டர் சிஸ்டத்தில் இருக்கும் அவளுக்கு 90. கால்குலஸ், பிசிக்ஸ் மாதிரித் தொடர் பாடங்களைப் பாதியில் விட்டு மீதியைக் கோடையில் செமஸ்டர் காலேஜில் எடுக்க வேண்டாம். குவார்ட்டரில் மூன்று நான்காகப் பிரிப்பதை அங்கே வேறு மாதிரிப் பிரித்திருப்பார்கள், நடுவில் ஒரு பகுதி விட்டுப்போகும், யூசி அந்தத் தொடரை முழுமையாக ஏற்காமலும் போகலாம்.

விண்ணப்பத்தில் பிஐக்யூ (தன்னைப் பற்றி எழுதும் சிறு கட்டுரைகள்) நான்கு, ஒவ்வொன்றும் 350 வார்த்தை வரை. மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குக் கட்டாயம், மீதி ஏழில் மூன்றை அவளே தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கட்டாயக் கேள்வியில் எடுத்த பாடங்களையே திரும்பப் பட்டியல் போடாமல், எந்த பிராஜெக்ட்டில் எங்கே மாட்டிக்கொண்டாள், எப்படி வெளியே வந்தாள் என்று எழுதட்டும். சிபாரிசுக் கடிதம் வேண்டாம், எஸ்ஏடி பார்க்கவே மாட்டார்கள். டிரான்ஸ்கிரிப்டும் இப்போது அனுப்ப வேண்டாம், கிரேடை அவளே டைப் செய்ய வேண்டும், அதனால் டபிள்யூ வாங்கிய (நடுவில் விட்டுவிட்ட) பாடம், வேறு காலேஜில் ஒரே ஒரு கோடை வகுப்பு என்று எதையும் விடாமல் போடணும்.

அப்புறம் ஜனவரி. விண்ணப்பம் டிசம்பர் 1-ஓடு முடிந்தது என்று நிறையப் பேர் இமெயிலையே பார்ப்பதில்லை. ஃபால் கிரேடையும் ஸ்பிரிங் பிளானையும் டிரான்ஸ்ஃபர் அகடமிக் அப்டேட் என்ற யூசி-யின் ஆன்லைன் படிவத்தில் ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். தயவுசெய்து இதை நாள்காட்டியில் எழுதி வையுங்கள் ஆன்ட்டி.

சன்னிவேல் சங்கர்:
யாரும் எச்-4 பற்றிப் பேசவில்லை, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. எச்-4-இல் இருப்பவரை யூசி கலிஃபோர்னியா ரெசிடென்ட்டாக (குறைந்த ட்யூஷன் கட்டும் மாநிலவாசியாக) ஏற்கும், பெற்றோர் இங்கே ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து வரி கட்டுவது போன்ற நிபந்தனைகளோடு. ஆனால் 21 ஆனதும் எச்-4 முடிகிறது. கிரீன் கார்டு வரிசையில் ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசிக்கட்ட விண்ணப்பம்) போட்டிருந்தால் வேறு, இல்லையென்றால் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவார்கள், எஃப்-1-இல் ரெசிடென்ஸி கிடையாது. நான்ரெசிடென்ட் என்று வந்தால் வழக்கமான ட்யூஷனுக்கு மேல் வருடத்துக்கு 34,000 டாலருக்கும் அதிகமாகச் சேரும். நான்ரெசிடென்ட் ட்யூஷனைத் தள்ளுபடி செய்யும் ஏபி 540 சட்டம் இருக்கிறதே என்பார்கள், எஃப்-1, எச்-4 விசாக்காரர்களுக்கு அது பொருந்தாது. ஃபாஃப்ஸா வழியாக வரும் அரசு நிதியுதவியும் கிடையாது. 19 முடிந்தது என்றால் அவள் யூசி-யில் இருக்கும்போதே 21 வரும். இடம் கிடைத்ததும் ஏற்பதற்கு முன்பே அந்தக் கேம்பஸின் ரெசிடென்ஸி டெப்யூட்டிக்கு (இதை முடிவு செய்யும் அதிகாரி) இமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், விசா பக்கத்துக்கு வக்கீலை இப்போதே பாருங்கள்.

ஃப்ரீமான்ட் அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 21 பற்றி வீட்டில் பேசியிருக்கிறோம், ஆனால் ட்யூஷன் இவ்வளவு ஏறும் என்று இப்போதுதான் தெரிகிறது. இன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து ஐந்து கேம்பஸின் அசிஸ்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டிஸ்க்ரீட் மேத்ஸ் இன்னும் எடுக்கவில்லை, ஆர்ட் ஹிஸ்டரியை விட்டுவிட்டு அதில் இடம் கேட்கிறாள். செலவை நினைத்தால் சான் ஓசே ஸ்டேட்டும் போடலாம் என்று அவள் அப்பா சொல்கிறார், வீட்டிலிருந்தே போய் வரலாம். அதற்குத் தனியாக ஏதாவது பாடம் வேண்டுமா?

கும்பகோணத்தான்:
கட்டாயம் போடுங்க. சான் ஓசே ஸ்டேட் சிஎஸ்யூ-வைச் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) சேர்ந்தது, அதற்கு விண்ணப்பம் தனி, கால் ஸ்டேட் அப்ளை தளம் வழியாக, கேம்பஸுக்கு 70 டாலர், அதுவும் டிசம்பர் 1 வரைதான். யூசி-யை மட்டும் குறி வைத்துப் படிக்கிறவர்கள் எல்லோரும் தவறவிடுவது ஒன்று இருக்கிறது, ஸ்பீச் வகுப்பு. யூசி அதைக் கேட்பதில்லை, சிஎஸ்யூ-வில் அந்த ஆரல் கம்யூனிகேஷன் பாடம் இல்லாமல் நகராது. இங்கிலீஷ், கிரிட்டிக்கல் திங்கிங், மேத்ஸ் மூன்றோடு அதுவும் சேர்ந்து நான்கும் சி மைனஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை என்றால் ஃபாலிலேயே வெயிட்லிஸ்ட்டில் பெயரைப் போடச் சொல்லுங்கள், கிடைக்கவில்லை என்றால் வின்டர் ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கும் அன்றே அதை முதலில் எடுக்கட்டும், இங்கே எல்லா காலேஜிலும் அந்த வகுப்புதான் சீக்கிரம் நிரம்பும்.