வீட்டில் நிறுத்தியதும் இணைப்பை இழக்கும் மின்சாரக் கார்: ஆலோசனை தேவை

வணக்கம். கோத்தகிரி அருகே மலைச்சரிவில் உள்ள எங்கள் வீட்டில், கார் நிற்கும் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கருங்கல் சுவர். காரில் பதித்துள்ள இ-சிம்முக்கு அங்கே சிக்னல் எட்டாததால், சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக்கூடச் செயலியில் பார்க்க முடியாமல், இரவில் குடையுடன் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது (ஐப்பசி மழையில் இது சுகமான வேலை அல்ல). வீட்டு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு எட்டினாலும், கார் உறக்க நிலைக்குப் போனதும் அந்த இணைப்பும் அறுந்துவிடுகிறது. மொபைல் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைத் தனிநபர்கள் அரசின் அனுமதியின்றிப் பொருத்துவது இந்தியாவில் சட்டவிரோதம் என்பதால் அந்த யோசனை வேண்டாம். கேபிள் இழுத்து, வெளிப்புற வைஃபை கருவியைக் காருக்கு அருகிலேயே பொருத்தியவர்கள் இருந்தால், உறங்கும் காரும் இணைப்பில் நீடித்ததா, அதனால் காரின் மின்னணுக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரியின் சார்ஜ் இறங்கியதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.