எண்ணெய் வண்ணத்தில் தம்பு செட்டித் தெரு: நிழல் பகுதி காய்ந்ததும் வெளிறிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை):
வணக்கம். எண்ணெய் வண்ணம் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள தம்பு செட்டித் தெருவின் பழைய மாடி வீடுகளைக் காலை வெயிலில் வரைகிறேன். வெயில் விழும் மேற்கு வரிசை வீடுகள் மனத்துக்கு நிறைவாக வந்திருக்கின்றன. நிழலில் இருக்கும் கிழக்கு வரிசைதான் வதைக்கிறது. ஈரத்தில் ஆழமாகத் தெரிந்த பழுப்பு, காய்ந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. மரத்தூண்களுக்கு நடுவே ஒரு திட்டு பளபளக்கிறது, பக்கத்துத் திட்டு மங்கிக் கிடக்கிறது. கறுப்பு சேர்த்ததும் திண்ணை முழுவதும் கரி அப்பியது போலாகிவிட்டது. கடையில் வாங்கிய ஆயத்தக் கான்வாஸ். பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), அல்ட்ராமரைன் (நீலம்), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் வெள்ளை வைத்திருக்கிறேன். வண்ணத்தை இளக்க டர்பன்டைன் மட்டும் கலந்து பூசுகிறேன்.

பதில் (ராயபுரம்):
தம்பி, அம்பர் கெட்டுப்போகவில்லை. மேல்பூச்சின் எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சிவிட்டது. எண்ணெய் குறைந்த இடத்தில் ஒளி சிதறும். அதனால்தான் வெளிறித் தெரிகிறது. அம்பரில் இது அதிகம், டர்பன்டைன் மட்டும் கலந்தால் இன்னும் அதிகம். பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சரிபாதி கலந்து, நூல் உதிராத துணியால் மிக மெல்லியதாகத் தேயுங்கள். சில நிமிடம் விட்டு மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். பழுப்பு திரும்பி வரும். இருட்டு போதுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். வீட்டிலிருக்கும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அவை சரியாகக் காயாது.

பதில் (சவுகார்பேட்டை):
கறுப்பை எடுத்து வைத்துவிடுங்கள், தம்பி. அந்தத் தெரு வடக்குத் தெற்காக ஓடுகிறது. காலையில் மேற்கு வரிசைச் சுவரில் விழும் வெயில் எதிர்வரிசை நிழலுக்குள் எகிறி வருகிறது. காளிகாம்பாள் கோயில் பக்கம் நின்று ஒரு மாடத்தின் மரத்தாங்கியை மட்டும் உற்றுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தரையிலிருந்து எகிறிய வெயில் மஞ்சளாகப் படிந்திருக்கும். மேல்விளிம்பு வானத்தைப் பார்ப்பதால் நீலம் ஏறியிருக்கும். ஒரே நிழலுக்குள் இத்தனை இருக்கும்போது கறுப்பு எதற்கு? அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்தாலே வேண்டிய இருட்டு கிடைக்கும். அடிப்பக்கத்துக்குச் சிட்டிகை ஓக்கர் சேருங்கள். எனக்கு அந்தத் தெருவின் உயிரே நிழல் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. எண்ணெய் தேய்த்ததும் தூண்கள் மீண்டும் எழுந்து நிற்கின்றன! திண்ணையில் தடிமனாகப் பூசிய கறுப்பு மட்டும் இன்னும் ஒட்டுகிறது. மின்விசிறிக்கு அடியில் வைத்தால் காய்ந்துவிடுமா? அதன் மேலேயே அம்பர் பூசலாமா?

பதில் (ராயபுரம்):
கூடாது. ஐவரி பிளாக் மெதுவாகக் காயும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்ந்து இறுகும். அடியில் இளகியது, மேலே இறுகியது என்றானால் பின்னாளில் வெடிப்பு விழும். கறுப்பு இளக்கமாக இருக்கும்போதே தட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது, துணி உலர்வது வேறு. காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறை போதும்; மின்விசிறி தூசியைத்தான் கொண்டுவந்து ஒட்டும். அடுத்த பூச்சில் டர்பன்டைனைக் குறைத்து, அடிப்பூச்சைவிட எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.