கையுறை சீட்டுக்கு அடியில் இருந்தது

ஈசூன், 2ஏ உரிமம்

போன வருடம், மழை நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும். சிங்கப்பூரில் எஸ்எல்இ விரைவுச்சாலையிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் இறங்கும் வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். வேகம் 45க்கு மேல் இருக்காது. சாலையில் வரைந்திருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல் முன்சக்கரம் ஏறியது, அப்படியே வழுக்கிவிட்டது. விழும்போது உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. இரண்டு கைகளும் தானாக முன்னால் போய் ஊன்றிவிட்டன. உள்ளங்கைத் தோல் சாலையோடு போயிற்று.

ஆம்புலன்ஸில் வந்தவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையுறை போடுவதில்லையா?" என்று கேட்டார். போடுவேன். அன்று வெக்கையாக இருந்ததால் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். மருத்துவமனையில் தாதி ஒருவர் பிரஷ் வைத்துக் காயத்திலிருந்த மணலைத் தேய்த்து எடுத்தார். விழுந்த வலியை மறந்துவிட்டேன், அந்தப் பிரஷ்ஷை மறக்கவில்லை. ஒன்பது நாள் அம்மாதான் சோறு பிசைந்து ஊட்டினார். எனக்கு வயது 34.

கையுறையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கழற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கழற்றினேன். என்னை இன்றுவரை உறுத்துவது ஜாக்கெட். அதைப் போட்டிருந்தேன், 89 வெள்ளி கொடுத்து வாங்கியது. கடைக்காரர் முழங்கையில் அடி தாங்க வைத்திருந்த பட்டையில் இருந்த சிஇ முத்திரையைக் காட்டி, "பாருங்க, ஐரோப்பிய தரம்" என்றார். நம்பினேன். விழுந்தபோது தொளதொள கையில் அந்தப் பட்டை புயத்துக்கு ஏறிவிட்டது. முழங்கை இருந்த இடத்தில் துணி மட்டும்தான், அதுவும் கிழிந்துவிட்டது.

வீட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டையில் இருக்கும் முத்திரை பட்டைக்கு மட்டும்தான். ஈஎன் 1621-1 என்பது கை கால் மூட்டுப் பட்டைகளுக்கான தரம். 50 ஜூல் ஆற்றலோடு அடித்துப் பார்க்கிறார்கள். அடி மறுபக்கம் எவ்வளவு கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20க்குள் என்றால் இரண்டாம் நிலை. உடைக்கு இருக்கும் தரம் வேறு, ஈஎன் 17092. துணி எத்தனை தேய்ப்பைத் தாங்கும், தையல் பிரியுமா என்று சோதித்து மூன்று ஏ, இரண்டு ஏ, ஒரு ஏ என்று வகுப்புக் கொடுக்கிறார்கள், மூன்று ஏதான் உயர்ந்தது. பி என்றால் பட்டை இல்லாத உடை, சி என்றால் பட்டையைத் தாங்கிப்பிடிக்க மட்டும் உள்ள உடை. இந்த வகுப்பு உடையின் உள்பக்கம் தைத்த லேபிளில், மோட்டார் சைக்கிளோட்டி படத்தோடு இருக்க வேண்டும். என் ஜாக்கெட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தேன். அந்த லேபிளே இல்லை.

என் தம்பி, இங்கேயும் சட்டம் போட்டுவிட வேண்டும் என்கிறான். நமக்குச் சட்டம் தலையோடு நின்றுவிடுகிறது. தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம், மற்றது நம் விருப்பம். பெல்ஜியத்தில் 2011 செப்டம்பரிலிருந்து கையுறை, நீளக்கை மேலுடை, முழுக்கால்சட்டை, கணுக்காலை மூடும் காலணி எல்லாமே கட்டாயம். பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல் முத்திரை பெற்ற கையுறை இல்லாவிட்டால் 68 யூரோ அபராதம். அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊரில் மதியம் ஒரு மணிக்குத் தடித்த ஜாக்கெட்டோடு சிவப்பு விளக்கில் மூன்று நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலை சுற்றுகிறது, கவனம் சிதறுகிறது. அதுவும் ஆபத்துதான். ஆகவே எதைப் போடுவது என்று நானே முடிவு செய்கிறேன். ஆனால் லேபிளைப் பற்றி யாரும் சொல்லாமல் அந்த 89 வெள்ளி ஜாக்கெட்டை நான் "தேர்ந்தெடுத்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடை விஷயமாகக் கடையிலோ சாலையிலோ வீட்டிலோ உங்களுக்கு நடந்தது இருந்தால் எழுதுங்கள்.


தோ பாயோ, 1983 முதல் ஓட்டுபவர்

தம்பி, சட்டம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்கு முதலில் நன்றி. பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் அரைக்கைச் சட்டையைப் பார்த்து, "பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், ஆனால் எனக்கு நெஞ்சு கொதித்தது. நாற்பது வருடமாக விழாமல் ஓட்டுகிறேன். என் கண்ணும் பிரேக்கும்தான் என் கவசம்.

பிரிட்டனில் 1973இல் தலைக்கவசம் கட்டாயமானபோது ஃபிரெட் ஹில் என்ற முன்னாள் கணித ஆசிரியர் எதிர்த்தார். தலைக்கவசத்தைப் போடாமல் தொப்பியோடு ஓட்டினார், அபராதம் கட்ட மறுத்து மறுத்துப் பல முறை சிறைக்குப் போனார். 1984இல் பென்டன்வில் சிறையில் இருந்தபோது இறந்தார், வயது எழுபதுக்கு மேல். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, நான் தலைக்கவசம் இல்லாமல் வாகனத்தைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு மனிதன் தன் உடம்பு தன்னுடையது என்பதற்காக அவ்வளவு தூரம் போனான் என்பதை மறக்க முடியவில்லை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் என்னோடு வேலை செய்த சீக்கிய நண்பர் தலைப்பாகையோடு ஓட்டுவார். இங்கே தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. மனிதனின் நம்பிக்கைக்குச் சட்டம் இடம் விட்டுக்கொடுக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. சட்டைக்கும் கால்சட்டைக்கும் அந்த இடம் இப்போது இருக்கிறது. அதை மூட வேண்டாம்.


அவசரப் பிரிவுத் தாதி

ஐயா, பெரியவர் நீங்கள். உங்களோடு வாதாட வரவில்லை. உங்களுக்கு 40 வருடம் விழாத அனுபவம் இருக்கிறது, எனக்கு விழுந்தவர்களை மட்டுமே பார்த்த அனுபவம். இந்தத் தீவில் சாலையில் இறப்போரில் பாதிப் பேரோ அதற்கு மேலோ மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் பலர் நன்றாக ஓட்டியவர்கள்தான், ஓட்டத் தெரியாத வேறு யாரோ இடித்ததால் விழுந்தவர்கள்.

ஒரு சின்னப் பையன் நினைவுக்கு வருகிறான். ஜாக்கெட்டைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, வெட்டாதீங்க, அம்மா வாங்கிக் கொடுத்தது." வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினேன். உள்ளே கையில் சிராய்ப்புக்கூட இல்லை. இடுப்பிலும் தொடையிலும்தான் தோல் இல்லை. கீழே போட்டிருந்தது சாதாரண ஜீன்ஸ். ஜாக்கெட்டுக்குச் சேர்க்கும் பணத்தில் பாதியையாவது கால்சட்டைக்கு வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் விழுந்த 212 பேரை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதுகாப்பு உடை போட்டவர்களுக்குக் காயம் குறைவு, மருத்துவமனையில் தங்கும் தேவையும் குறைவு என்று அதில் தெரிந்தது. அதே ஆய்வில், ஜாக்கெட், கால்சட்டை, கையுறை மூன்றிலுமே நான்கில் ஒன்றுக்கு மேல் விழுந்தபோது கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. ஈசூன் தம்பிக்கு நடந்தது அதுதான்.


ஜொகூரிலிருந்து தினமும் வருபவர்

விடிகாலை 4.15க்கு எழுந்து 5 மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்பேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பித்தான் போடுவோம். கைகளை முன்னாலிருந்து நுழைத்துக்கொண்டு, முதுகுப் பக்கம் திறந்தே விட்டுவிடுவோம். நெஞ்சில் காற்று அடிக்காது, வேலைச் சட்டை அழுக்காகாது, கழற்றுவதும் சுலபம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்பா போட்டார், நானும் போட்டேன்.

ஒருநாள் பாலத்தில் நெரிசல், யாரும் நகரவில்லை. பக்கத்தில் பெரிய பைக்கில் நின்ற மலாய்க்காரர் என் முதுகைத் தட்டி, "நீ விழுந்தால் இது உன்னை விட்டுவிட்டுப் போய்விடும்" என்றார். அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க வேலையில் அதே நினைப்பு. இப்போது நேராகப் போட்டு ஸிப்பைக் கழுத்துவரை ஏற்றுகிறேன்.

மூன்று ஏ உடையெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது. சட்டம் வந்தால் முதலில் அடிபடுவது எங்களைப் போன்றவர்கள்தான். உடையின் விலையைக் குறைக்க வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள்.


பொங்கோல், பெண் ஓட்டுநர்

என் அனுபவம் கடையில்தான். மூன்று கடை ஏறி இறங்கினேன். பெண்களுக்கான ஜாக்கெட் கேட்டால், "ஆண்கள் ஸ்மால் போடுங்க மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. தோள் அகலம், கை நீளம், இடுப்பு மூன்றும் வேறு. ஆண்கள் ஸ்மாலில் முழங்கைப் பட்டை எனக்கு முன்கையின் நடுவில் வந்து நின்றது.

பயிற்சி நிலையத்தில் 2பி மோட்டார் சைக்கிள் உரிமத்துக்குப் படித்தபோது முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்புக் கட்டாமல் வண்டியைத் தொட விடவில்லை. தேர்ச்சி பெற்ற மறுநாள், எந்த உடை என்று கேட்க ஓர் ஆளும் இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரே ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்து லேபிள் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தால் போதும். சட்டத்தைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

பிறகு நானாகப் பழகிக்கொண்ட முறை இது. கடையிலேயே ஜாக்கெட்டைப் போட்டு, எல்லா வாரையும் இறுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்ததுபோல் கையை நீட்டுவேன். தோழி ஒருத்தி முழங்கைப் பட்டையைப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பாள். நகர்ந்தால் திரும்பக் கொடுத்துவிடுவேன். கால்சட்டை என்றால் குந்தி உட்கார்ந்து முழங்காலைப் பார்க்க வேண்டும், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

வெக்கைக்கும் ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018இல் தொடங்கிய மோட்டோகேப் என்ற மதிப்பீட்டில் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம், வியர்வை வெளியேறும் வசதிக்குத் தனி நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலைத்துணி ஜாக்கெட்டிலும் தாங்கக்கூடியது எது, பெயருக்கு இருப்பது எது என்று தெரிகிறது. ஈசூன் அண்ணன் சொன்ன தெரிவு எனக்கு அதற்குப் பிறகுதான் கிடைத்தது.


பெடோக், உணவு விநியோகம்

அண்ணே, நான் சாப்பாடு டெலிவரி பண்றேன். பதினொன்றரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் இருபது தடவைக்கு மேல வண்டியிலேர்ந்து இறங்கி ஏறுவேன். ஒவ்வொரு தடவையும் ஜாக்கெட்டைக் கழட்டி மாட்ட முடியாது. மின்தூக்கி வரலைன்னா படியேறணும். நீங்க எல்லாரும் சொல்ற உடையைப் போட்டுக்கிட்டு பதினாலாவது மாடி ஏறிப் பாருங்க. 2025 ஜனவரியிலேர்ந்து புதுச் சட்டத்துல எங்களுக்கும் வேலையில அடிபட்டா இழப்பீடு உண்டு, அது பெரிய விஷயம். ஆனா தோலுக்கு எது இழப்பீடு?

போன மாசம் புளோக்ல ஒரு பாட்டி, தமிழ்க்காரங்க, பொட்டலத்தை வாங்கிக்கிட்டு என் காலையே பார்த்தாங்க. சிலிப்பர். உள்ளே போய் 100 பிளஸ் குளிர்பான டின் ஒண்ணு எடுத்துட்டு வந்து கையில கொடுத்து, "நாளைக்கு செருப்போட வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" அப்படின்னாங்க. மறுநாளே கணுக்கால் மூடுற ஷூ வாங்கிட்டேன். முழங்கால் காப்பு மட்டும் வெளியே கட்டுற மாதிரி வச்சிருக்கேன். ஜாக்கெட் இன்னும் இல்லை. கையுறை போட்டா போன் திரை வேலை செய்யலை, அதான் போடறதில்லை. ஈசூன் அண்ணே, அதுக்கு ஏதாவது வழி இருக்கா?


ஈசூன், 2ஏ உரிமம்

தம்பி, இருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியில் திரைக்கு வேலை செய்யும் துணி தைத்த கையுறை வருகிறது, கோடைக்கால மெல்லிய வகையிலும் உண்டு. வாங்கும்போது உள்லேபிளில் ஈஎன் 13594 என்று இருக்கிறதா பாருங்கள், பக்கத்தில் 1 அல்லது 2 என்று நிலை இருக்கும். விரல் முட்டிக்கும் சோதனை செய்திருந்தால் கேபி என்று இரண்டு எழுத்து இருக்கும். உள்ளங்கையின் அடிப்பக்கம், மணிக்கட்டுக்கு அருகில், வழுக்கும் கெட்டித் துண்டு ஒன்று வைத்திருந்தால் இன்னும் நல்லது. எனக்குத் தோல் போன இடம் அதேதான். மணிக்கட்டு வாரை இறுக்கிவிட்டு, மற்றக் கையால் விரல் நுனியைப் பிடித்து இழுங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்றுவிடும்.

தோ பாயோ ஐயா, உங்களிடம் எனக்கு வாதம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மலேசியாவுக்கு நெடுந்தூரம் போகும்போது மட்டுமாவது கையுறை போட்டுப் பார்ப்பீர்களா?

பொங்கோல் தங்கச்சி சொன்ன கை நீட்டும் சோதனையை இன்று மாலை என் புது ஜாக்கெட்டில் செய்து பார்த்தேன். அம்மா பட்டையைப் பிடித்துச் சுற்றினார். இடது கைப் பட்டை நகரவில்லை. வலது கை கொஞ்சம் நகர்கிறது. சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோய் ஒரு அளவு சின்னதாக மாற்றிக் கேட்கப் போகிறேன்.