அதே மருந்து தொடரவும்: மனச்சோர்வு சிகிச்சையில் நாலு பேர் பார்த்தவை

ஓ.பி. மேசை:
மனச்சோர்வு மருந்து எஸ்சிடலோபிராம் 10 மி.கி. நாலு மாதச் சீட்டு, நாலிலும் 'பரவாயில்லை, அதே மருந்து தொடரவும்'. கடைசிச் சீட்டின் பின்பக்கம் நோயாளியே பென்சிலில் எழுதியிருக்கிறார்: 'மூணு மணிக்கே முழிப்பு'. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள் பிஎச்க்யூ-9 ஒருமுறைகூடப் போடவில்லை. ஒன்பதே கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். 2006இல் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க மனச்சோர்வு ஆய்வில் ஒவ்வொரு வருகையிலும் அறிகுறிகளை அளந்துதான் டோஸை முடிவுசெய்தார்கள். மருந்து மட்டும் இங்கே வந்து சேர்ந்தது, அளவுகோல் வரவில்லை.

லேப் சீட்டு:
அளந்தால் மட்டும் ஆச்சா? அதே ஆய்வில் முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மருந்து நிறுவன ஆய்வுகளிலோ தற்கொலை எண்ணம், குடி, கூடவே வேறு நோய் என்றால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் வரிசையில் உட்கார்ந்திருப்பதே அவர்கள்தான். 72 வயது அம்மா, பிரஷருக்குத் தயாசைடு (சிறுநீரைக் கூட்டும்) மாத்திரை. மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் தொடங்கி இரண்டாம் வாரம் தள்ளாடிக்கொண்டு, குழப்பமாக வந்தார். சோர்வு முற்றிவிட்டது என்று டோஸைக் கூட்ட இருந்தார்கள். ரத்தத்தில் சோடியம் 121, ஆபத்தான குறைவு! இரண்டு மருந்தும் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை.

மருந்துக் கட்டம்:
சண்டை இருக்கட்டும், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தொடங்குமுன் தைராய்டு பாருங்கள். தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல் நாலைந்து நாள் துள்ளலாக இருந்ததுண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் சோர்வும் மிதமிஞ்சிய துள்ளலும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம், வெறும் எஸ்எஸ்ஆர்ஐ (எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்து) ஆபத்து. வயதானவர், தயாசைடு என்றால் சோடியம் முதலிலும், இரண்டு வாரம் கழித்தும். டோஸைக் கூட்டுமுன் மாத்திரை அட்டையை எண்ணுங்கள். முதல் வாரக் குமட்டலில் சிலர் சொல்லாமல் நிறுத்தியிருப்பார்கள், அதற்குப் போய் 'மருந்து கேட்கவில்லை' என்று பெயர்! ஒழுங்காகச் சாப்பிட்டும் நாலு வாரத்தில் பிஎச்க்யூ-9 மதிப்பெண் அசையவில்லையென்றால் மாற்ற யோசியுங்கள். பாதியாக இறங்கினால் பலன், 5க்குக் கீழே வந்தால்தான் தேறியது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே டோஸ், அப்புறம் படிப்படியாகக் குறைப்பு. ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தூக்கத்துக்குச் சரி, அதை மனச்சோர்வு சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரவு டூட்டி:
ஓ.பி. மேசைக்கு: படிவம் போட்டால் போதாது. ஒன்றில் மொத்தம் 8, 'லேசானது' என்று கையெழுத்தாகிவிட்டது. ஒன்பதாவது கேள்வியில், செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்துக்கு எதிரே, 2 (பாதிக்கு மேற்பட்ட நாட்கள்) போட்டிருந்தார். கூட்டியவர் கூட்டல் மட்டும்தான் பார்த்தார்.